முரண்டு பிடிக்கும் நட்டு!

ஒன்றுக்குள் ஒன்றாய் வைத்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இறுகிக்கொண்டு விட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள், வாசகியே? சுத்தியலா எடுக்கிறீர்கள்? உள் டம்ளரில் குளிர்ந்த நீரை விட்டு, வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கிறீர்கள். உள்ளே இருப்பது சுருங்குகிறது. வெளியே இருப்பது விரிகிறது. இரண்டும் சமர்த்தாகப் பிரிந்து வந்துவிடுகின்றன.

இந்த யுக்தி தெரிந்த உங்களுக்கு, காரில் இறுகிப்போன நட்டுகளைக் கழற்றும் வித்தையும் பாதி தெரிந்த மாதிரிதான். முரட்டுப் பலம் அதற்குத் தேவையில்லை, முறைதான் தேவை.

இரும்பு ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? துருப்பிடித்த இரும்பு, தான் முன்பு இருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அடைத்துக் கொள்ளும். மரைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது? ஆகவே ஆப்பு அடித்தாற்போல் இறுகி விடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்!

முதலில் எண்ணெய், பிறகு பொறுமை

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டுவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போங்கள். சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு ஊறட்டும். இன்று கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40-க்கு ஒரு கதை உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஸான் டியாகோ நகரில், அட்லஸ் ஏவுகணையின் மேல் தகடு துருப்பிடிக்காமல் காக்க, தண்ணீரை விலக்கும் திரவம் ஒன்றைத் தேடினார்கள். நாற்பதாவது முயற்சியில் பலித்தது. அந்த எண்ணே பெயரிலும் நின்றுவிட்டது. முப்பத்தொன்பது முறை தோற்றவர்கள் பொறுத்தார்கள். நாம் ஓர் இரவு பொறுக்கக் கூடாதா?

பிறகு, நட்டின் தலையை முழுதும் கவ்வும் ரிங் ஸ்பானரைப் போடுங்கள். தொளதொளவென்றிருக்கும் ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். அப்புறம் பிடிப்பதற்கே ஒன்றும் இராது. எடுத்த எடுப்பில் கழற்றாமல், இம்மியளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி விட்டதும் கொஞ்சம் கழற்றுங்கள், கொஞ்சம் இறுக்குங்கள். இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் மரை சேதமாகாது. நெருப்பைக் காட்டி இளக்குவது பட்டறைக்காரர் வேலை. எண்ணெய் தெளித்த இடத்தில் தீக்குச்சி கூடவே கூடாது.

ஜாக்கிக்கு முன்னால்

உயிருக்கு ஆபத்தான இடம் சக்கரம்தான். வழியில் டயர் பஞ்சராகிவிட்டால், அவசரத்தில் முதலில் ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கி விடுகிறார்கள். இறுகிய நட்டைப் பலங்கொண்டு இழுக்கும்போது கார் ஜாக்கியிலிருந்து சரியலாம். ஆகையால் ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். ஸ்பானரின் பிடி உங்கள் இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீழே அழுத்தினால் போதும். பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால், உங்கள் பலமும் இரட்டிப்பாகும். அதன் பிறகே ஜாக்கி. திரும்ப மாட்டும்போது மட்டும் இந்த மரைகளில் எண்ணெய் தடவாதீர்கள். அளவுக்கு மீறி இறுகிவிடும்.

பீங்கான் ஊர் சொல்லும் பாடம்

பெட்ரோல் காரில் மிகவும் நாசூக்கான மரை, ஸ்பார்க் பிளக்கினுடையது. அதன் வெள்ளைக் கழுத்து, பீங்கானுக்கு உறவு. மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்தக் குணம் அத்துபடி. விருத்தகிரீசுவரர் கோயிலுக்குப் பெயர்போன அவ்வூரில் பீங்கான் பொம்மைகளும் மின்சாரச் சாமான்களும் செய்கிறார்கள். அந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசாங்கப் பாலிடெக்னிக்கே இருக்கிறது. நேராக அழுத்தினால் பீங்கான் எவ்வளவோ தாங்கும். சாய்த்து நெம்பினால் 'டக்'கென்று கீறல் விட்டுவிடும். பிளக்கும் அப்படியே. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பாக்ஸ் ஸ்பானரைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துக் கழற்றுங்கள். சூட்டோடு திருகினால் அலுமினிய மரையே பிய்ந்துவிடக்கூடும்.

அஞ்சறைப் பெட்டி வைத்தியம்

பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கிறதா? கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 'மைனஸ்' கம்பியை முதலில் கழற்றுங்கள். ஆப்பசோடா கலந்த வெந்நீரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள்; பொங்கி அடங்கும். பாட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. உலர்ந்ததும் 'பிளஸ்' கம்பியை முதலில் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவுங்கள்.

இத்தனையும் செய்து நட்டு அசையவில்லையென்றால் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். முறிந்த மரையைத் தோண்டி எடுப்பதைவிட, முறியாததைக் கழற்றுவது மெக்கானிக்குக்குச் சுலபம். உங்கள் பணப்பைக்கும் க்ஷேமம்!