ஆட்சி மாறிவிட்டது... கிளிமூக்கு மாங்காய்க்கு விலை எப்போது?

நடிகர் கட்சி தொடங்கினால் என்ன நடக்கும் என்பதுதான் தமிழ்நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் திருப்பதியில் அதை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள்.

1982 மார்ச் 29-ல் என்.டி.ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கினார். ஒன்பது மாதம் கழித்து, 1983 ஜனவரியில், முதல்வர். அந்தத் தேர்தலில் அவர் குடிவாடா, திருப்பதி என இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் ஜெயித்தார். குடிவாடாவை வைத்துக்கொண்டு திருப்பதியை விட்டார். 2008 ஆகஸ்டில் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் கட்சியை அறிவித்ததும் திருப்பதி பொதுக்கூட்டத்தில்தான். அடுத்த ஆண்டு 294 தொகுதிகளில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 18. பாலகொல்லுவில் தோற்ற அவரைத் திருப்பதிதான் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2011-ல் கட்சி காங்கிரஸோடு இணைந்தது. 2012-ல் அவர் மாநிலங்களவைக்குப் போனார். திருப்பதி மக்கள் மறுபடி இடைத்தேர்தல் வரிசையில் நின்றார்கள்.

கூட்டம் எவ்வளவு கூடியது, யார் காலில் யார் விழுந்தார்கள் என்பதெல்லாம் பழைய கதை. என்.டி.ஆர். ஆட்சியிலிருந்து எது மிஞ்சியது என்று பார்ப்போம். 1983-ல் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் இன்றைக்கும் பெண்கள் படிக்கிறார்கள். 1984-ல் பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தன. ஊர் நிலக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் பூட்டி வைத்திருந்த காலம் முடிந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் 1986-ல் ஆந்திராவில் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு அது வர 1989 ஆனது, நாடு முழுமைக்கும் 2005. தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983 ஏப்ரலில் கையெழுத்தானது. கண்டலேறுவில் திறக்கும் கிருஷ்ணா நீர் திருப்பதி மாவட்டத்து வழியாக ஓடித்தான் பூண்டிக்கு வருகிறது. சென்னை அதைக் குடிக்கிறது. என்.டி.ஆர். மறைந்தது 1996 ஜனவரியில். கால்வாய்த் தண்ணீர் பூண்டியைத் தொட்டது அதே ஆண்டின் பிற்பகுதியில். தலைவர் போன பிறகும் திட்டம் நிலைத்தது. ஏனென்றால் அது மேடைப் பேச்சில் நிற்காமல் ஒப்பந்தமாக, சட்டமாக எழுதப்பட்டிருந்தது.

இந்தக் கண்ணோடு இன்றைய சித்தூரைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

மாற்றம் வேண்டும் என்று ஓட்டுப்போடுவதில் இந்த மக்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. திருப்பதியையும் உள்ளடக்கிய பழைய சித்தூர் மாவட்டத்தில் 14 தொகுதிகள். 2019-ல் ஒரு கட்சிக்கு 13-ஐக் கொடுத்தார்கள். 2024-ல் அதே கட்சிக்கு மிஞ்சியது இரண்டு. மாநில அளவில் அந்தக் கட்சியின் 151 இடங்கள் 11 ஆயின. நைஜீரியாவில் 2015-ல் ‘மாற்றம்’ என்ற ஒரே முழக்கத்தோடு, பதவியில் இருந்த அதிபரை முதன்முறையாக ஓட்டுப்போட்டு இறக்கினார்கள். உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. சித்தூர்க்காரர்கள் அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் செய்கிறார்கள்.

ஆனால் மாங்காய் சீசன் வந்தால் எந்த ஆட்சியென்று அடையாளம் தெரியாது. சித்தூரும் நம் கிருஷ்ணகிரியும்தான் நாட்டில் மாம்பழக் கூழுக்குப் பேர்போன இரண்டு வட்டாரங்கள். இரண்டுக்கும் ஆதாரம் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு என்கிறோமே, அந்த ரகம். கையில் எடுத்துத் தின்கிற பழமாக இதற்குப் பெரிய சந்தை கிடையாது. கூழ் ஆலை வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

2025 ஜூனில் ஆலை வாங்கவில்லை. பழைய கூழே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். மண்டியில் கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பங்காருபாளையம் பக்கம் ஆலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை டிராக்டர்கள் நின்றன. டிரெய்லரின் அடியில் கிடக்கும் காய் மேல்பாரத்திலும் சூட்டிலும் கனிந்துவிடும். சாறு பலகை இடுக்கில் கசிந்து தாரில் ஒட்டும், ஈ மொய்க்கும். வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், டோக்கனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். “நாலு டன் ஏத்திக்கினு வந்தேன் தம்பி. உள்ள போறதுக்குள்ள அரை டன் அழுகினதுன்னு கழிச்சிடுவாங்க. பறிகூலி போச்சு, வண்டி வாடகை தினம் ஏறுது. போன ஆட்சியிலயும் இங்கதான் நின்னேன்.”

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிலோ 12 ரூபாய் என அறிவித்தது: ஆலை எட்டு, அரசு நான்கு. கர்நாடகக் காய் உள்ளே வராமல் எல்லையில் தடுத்தார்கள். அந்தப் பக்கம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் கடையடைப்பு நடந்தது. கோலார் விவசாயியும் சித்தூர் விவசாயியும் ஒரே ரகத்தை, ஒரே ஆலையை நம்பி வாழ்கிறவர்கள். ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவருக்குச் சோறு போடுவது என்ன தீர்வு?

அரசு விலையில் கைவைத்தால் சந்தை கெட்டுவிடும், விவசாயி வேறு பயிருக்கு மாறட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. மா என்ன கத்தரியா, அடுத்த போகத்தில் மாற்ற? நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்குக் காத்திருந்து வளர்த்த மரம். அதை வெட்டி விறகாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

என் கவலையெல்லாம் அந்த நான்கு ரூபாயைப் பற்றித்தான். காய் முற்றி, மரம் கனத்து, விவசாயி தெருவுக்கு வந்த பிறகு வருகிறது அது. அடுத்த சீசனுக்கு அது உண்டா என்று யாருக்கும் தெரியாது. கரும்புக்கு அப்படி இல்லை. அரவை தொடங்கும் முன்பே மத்திய அரசு விலையைச் சொல்லிவிடும். அதற்குக் குறைத்து ஆலை வாங்க முடியாது. பணம் 14 நாளில் தர வேண்டும் என்று 1966-ம் ஆண்டு ஆணையே இருக்கிறது. நிலுவை விழுந்தால் கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் உண்டு. தோத்தாபுரிக்காரரிடம் இருப்பது ஒரு டோக்கன்.

தை, மாசியில் மரம் பூக்கும்போதே விலையை அறிவிக்க வேண்டும். எந்த ஆலை எத்தனை டன் எடுக்கும் என்று பங்குனிக்குள் எழுத்தில் வாங்க வேண்டும். ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் கூடிப் பேசி ஒரே விலை வைக்க வேண்டும். தண்ணீருக்காக இரண்டு மாநிலங்கள் 1983-ல் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. மாங்காய்க்கு மூன்று மாநிலங்கள் உட்கார முடியாதா? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், நடிகரானாலும், தாமலசெருவு மாங்காய் மண்டியில் ஒரு நாள் நிற்கட்டும். நாற்பது ஆண்டு நிற்கக்கூடிய எந்தச் சட்டத்தைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று அங்கே அவரைக் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரியிலும் கேட்க வேண்டும்.