சுகாதார ஊழியர் மனநலமும் கைபேசிச் செயலியும்

கிராமத்தின் ஆரோக்கியம் மருந்தினால் மட்டும் காக்கப்படுவதன்று. அம்மருந்தை வீடு தேடிக் கொணரும் ஊழியரின் நலத்தினாலும் காக்கப்படுவதாகும். சமவெளிப் பகுதிகளில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அளவு. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைக் கவனிக்கிறார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார். அவற்றைப் பதிவும் செய்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் இல்லங்களுக்கே மருந்து கொண்டு செல்கின்றனர்.

பிறர் துயரை நாள்தோறும் காண்பவருக்கு மனச்சோர்வு உண்டாதல் இயல்பு. உறக்கமின்மை, காரணமற்ற சினம், வேலையில் வெறுப்பு ஆகியவை அதன் அறிகுறிகளாம். நாள் முழுதும் ஏர் இழுத்த மாட்டை நுகத்தினின்று அவிழ்த்துவிடாத உழவர் நம்மில் இலர். ஊழியருக்கும் அத்தகைய ஓய்வு வேண்டாமா?

இவ்வகையில் கைபேசிச் செயலிகள் துணை செய்கின்றன. அன்றாட மனநிலையையும் உறக்கத்தையும் குறித்துவைத்தால் சோர்வு மிகுவதை முன்னரே அறியலாம். மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி படபடப்பைத் தணிக்கும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2024 அக்டோபர் 10 அன்று இதற்கெனச் செயலியும் வெளியிடப்பட்டது.

எனினும், செயலி ஒன்றே போதும் என்று கருதலாகாது. 2020-இல் ஸ்பெயின் நாட்டில் கொரோனாப் பணியிலிருந்த 482 சுகாதார ஊழியர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. இரு வாரங்களுக்குப் பின் பார்க்கையில், மனநலச் செயலியைப் பயன்படுத்தியோர் அனைவரையும் சேர்த்து நோக்கின் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், ஏற்கெனவே மனநல சிகிச்சையோ மருந்தோ பெற்றுவந்தவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. மனிதர் உதவியுடன் சேரும்போதுதான் கருவி பயன் தருகிறது என்பதற்கு இஃது ஓர் அறிகுறியாகும்.

ஆகவே பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை சில உள. துணை சுகாதார நிலையத்துக்குக் குடிநீரும் மின்விளக்கும் குறைவின்றிக் கிடைக்கச் செய்தல் வேண்டும். அவசர நோய்க்கு 108, பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்பதை மக்களுக்கு எடுத்துரைத்தால், சிறு காரணங்களுக்காகச் செவிலியரை நள்ளிரவில் அழைக்கும் வழக்கம் குறையும். துயர நிகழ்ச்சி நேரிட்டால், கூட்டமாகச் சென்று ஊழியரை ஏசுதல் கூடாது. குறையிருப்பின் எழுத்து மூலம் வட்டார மருத்துவ அலுவலரிடம் அளிக்கலாம். ஊழியர் ஆலோசனை பெறுவது அவரது அந்தரங்கம். அவர் கைபேசியைக் காட்டும்படி எவரும் கேட்கலாகாது. செயலியைப் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்துவதும் தகாது.

நம் குடும்பங்களைக் காப்பவரை நாம் காத்தல் கடமை. அடுத்த கிராம சபையில் இப்பொருளை எடுத்துப் பேசுவோமாக.