மொறிஸ் மைனரின் தம்பி ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

யாழ்ப்பாணத்துப் பழைய ஆல்பங்களில் எங்கேயாவது ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்டினோ நிற்கும். கல்யாணத்துக்குப் பிடித்த ஹயரிங் கார், இல்லாவிட்டால் பெரியப்பாவின் கார். இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு அது வெறும் படம். ஆனால் அந்த மைனருக்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு. பெயர் எம்ஜி மிட்ஜெட்.

1956இல் வந்த மைனர் 1000இல் இருந்தது 948 சிசி ‘ஏ-சீரிஸ்’ எஞ்சின். 1958இல் மலிவான ஸ்போர்ட்ஸ் காராக ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் வந்தபோது, அதே எஞ்சினுக்கு இரண்டு காபரேற்றர் பூட்டினார்கள். ஸ்டியரிங்கும் மைனருடையதுதான். 1961இல் அந்த ஸ்பிரைட்டே எம்ஜி மிட்ஜெட் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது.

நான் வாங்கியது 1972ஆம் ஆண்டு மிட்ஜெட். 1275 சிசி, அதே குடும்பத்து எஞ்சின். கிழமை நாட்களில் சாப்ட்வேர் வேலை. சனிக்கிழமைகளில் வால்தம்ஸ்டோவில் ஒரு நண்பரின் சின்னக் கராஜில் இந்த வேலை. ஊருக்கும் இது புதுசில்லை. 1890களில் பிரெடரிக் பிரெமர் என்ற இளைஞர் இங்கே கனோட் ரோட்டில் தன் வீட்டிலேயே ஒரு காரைக் கட்டினார். பிரிட்டனின் முதல் பெற்றோல் கார் அதுதான் என்று ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள். 1933இல் அதை இங்குள்ள வெஸ்ட்ரி ஹவுஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

நீங்களும் இப்படி ஒன்று வாங்க நினைத்தால், பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், துருவைப் பாருங்கள். மிட்ஜெட்டுக்குத் தனிச் சேஸி இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ தகடுகள்தான் பாரம் தாங்குகின்றன. அவற்றை வெட்டி மாற்றுவதற்கு முன், கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் பொடி வளைந்து, பிறகு கதவு பூட்டாது.

40 வயது தாண்டிய காரை டிவிஎல்ஏயில் ‘ஹிஸ்டோரிக்’ என்று பதிந்தால் ரோட் டாக்ஸ் இல்லை, யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் எம்ஓடியும் தேவையில்லை. சில மாற்றங்கள் நல்லதுதான். ஈயம் கலந்த பெற்றோல் 2000ஆம் ஆண்டோடு கடைகளில் நின்றதால், வால்வ் சீட்டை உறுதியானதாக மாற்றினோம். ஈ10 பெற்றோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும் என்பதால் ஈ5தான் அடிக்கிறோம்.

அடுத்து இக்னிஷன். இங்கேதான் மாமா குறுக்கே வந்தார்.

என் மனைவியின் அப்பா யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்காக இருந்தவர். லண்டனுக்கு வந்தபிறகு பெற்றோல் ஸ்டேஷன் கவுண்டரில்தான் காலம் போனது. யுத்தகாலம் பற்றி எவர் கேட்டாலும் “அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்பதோடு சரி. முதல் சனிக்கிழமை பொனட்டைத் திறந்ததும், “தம்பி, இது எங்கட மைனரின்ர எஞ்சின் எல்லே!” என்றார்.

பிறகு கதை தானாக வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் காத்து வைத்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். “புகை எண்டா புகை. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டுபோனது அதிலதான்.”

என் மகளுக்குப் பத்து வயது. “மண்ணெண்ணெய் எண்டா என்ன, அம்மப்பா?” என்று அவள் தமிழிலேயே கேட்டாள். தமிழ் வகுப்பில் சொற்பட்டியல் பாடமாக்குபவள், இங்கே ‘இறுக்கு’, ‘கழட்டு’, ‘பொறு, கையை எடு’ எல்லாம் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டாள்.

நான் எலக்ட்ரொனிக் இக்னிஷன் பூட்ட நினைத்திருந்தேன். பூட்டினால் பிறகு கை வைக்கவே தேவையில்லை. பழைய பொயின்ட் என்றால் தேயும், இடையிடையே 0.4 மில்லிமீற்றர் அளவுக்கு இடைவெளியைச் சரிபார்க்கவேண்டும். எஞ்சினியராக யோசித்தால் இதில் கேள்வியே இல்லை. மாமா சொன்னார்: “உது ரோட்டில நிண்டா உம்மால ஒண்டும் செய்யேலாது. பொயின்ட் எண்டா நான் இவளுக்குக் காட்டிக் குடுப்பன்.”

பொயின்ட்டையே விட்டுவிட்டோம். வாங்கிய எலக்ட்ரொனிக் செட் இன்னும் உறை பிரிக்காமல் ராக்கையில் கிடக்கிறது. மாமாவுக்கு 74 வயது, கை கொஞ்சம் நடுங்குகிறது. இப்போது அளவுத் தகட்டைப் பிடிப்பது மகள். “இன்னும் கொஞ்சம் தள்ளு பிள்ளை” என்று பக்கத்தில் நின்று சொல்வது அவர்.

எல்லாரும் கார் வாங்கவேண்டும் என்றில்லை. அம்மம்மாவின் தையல் மெஷினாக இருக்கலாம், அப்பப்பாவின் ரேடியோவாக இருக்கலாம். பெரியவர்களின் கை இல்லாமல் முடியாத ஒரு வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கிப் பாருங்கள். முடிந்தால் இந்தச் சனிக்கிழமையே.