கோஸ்ட்டா ரிக்காவின் சூழற்சேவைக் கொடுப்பனவுத் திட்டம்

சூழற்சேவைக் கொடுப்பனவுத் திட்டம் என்பது, நடு அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவில், தனியார் தமது நிலத்திலுள்ள காட்டை அழிக்காமல் பேணுவதற்காக அரசு அவர்களுக்குப் பணம் வழங்கும் திட்டம் ஆகும். 1996 ஆம் ஆண்டின் 7575 ஆம் இலக்கக் காட்டுச் சட்டத்தின் கீழ் உருவான இது, 1997 முதல் செயற்பட்டு வருகிறது.

பின்னணி

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாட்டின் பெரும்பகுதி காடாகவே இருந்தது. காட்டை வெட்டித் திருத்துவது நில உரிமை கோருவதற்கான சான்றாக ஏற்கப்பட்டது. மாட்டிறைச்சி ஏற்றுமதியை வளர்க்க, மேய்ச்சல் நிலங்களுக்கு மலிவான கடனும் கிடைத்தது. அதாவது, காடழிப்புக்கும் அரசின் கொள்கையே துணைநின்றது. சில மதிப்பீடுகளின்படி, 1980களின் இறுதியில் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே காடாக எஞ்சியது. 1979 இல் மரம் நடுவோருக்கு வருமான வரிச் சலுகை அளிக்கப்பட்டது. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத சிறு உழவருக்கு அதனால் பயன் விளையவில்லை.

செயல்முறை

கரிமத்தைத் தேக்குதல், நீர்வளம் காத்தல், உயிரியற் பல்வகைமை பேணல், இயற்கை எழில் ஆகிய நான்கையும் காடு தரும் சேவைகளாகச் சட்டம் ஏற்கிறது. நில உரிமையாளர், காட்டியல் வல்லுநர் ஒருவர் வகுக்கும் மேலாண்மைத் திட்டத்துடன் தேசிய காட்டு நிதியத்தோடு பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். 2000களில் காடு பேணலுக்கு ஓர் எக்டேருக்கு ஐந்தாண்டுகளில் 320 அமெரிக்க டாலர் வழங்கப்பட்டது. இதற்கான நிதியின் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து கிடைக்கிறது. நீர்ப் பயன்பாட்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியும் இதற்கு ஒதுக்கப்படுகிறது.

விமர்சனங்கள்

இதே சட்டம் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. எனவே, எப்படியும் வெட்ட இயலாத காட்டிற்கு ஏன் பணம் என்ற வினா எழுகிறது. முதல் ஆண்டுகளை ஆராய்ந்த சில ஆய்வுகள், கொடுப்பனவால் காடழிப்பு மிகச் சிறிதளவே குறைந்தது எனக் கண்டன. மாட்டிறைச்சித் தொழிலின் சரிவால் காடு முன்பே மீளத் தொடங்கியிருந்தது. ஆயினும், தடையின் சுமையை நில உரிமையாளர் மட்டுமே தாங்க நேர்ந்திருந்தால் அத்தடை நிலைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. தொடக்கத்தில் முறையான நிலப்பத்திரம் இல்லாத சிறு உழவர் இத்திட்டத்தில் சேர இயலவில்லை. பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டது.

இன்று நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் காடு உள்ளது. 2021 இல் கோஸ்ட்டா ரிக்கா எர்த்சாட் பரிசைப் பெற்றது. 2050 இற்குள் கரிம உமிழ்வை நிகரச் சுழியமாக்கும் திட்டத்தை இந்நாடு 2019 இல் அறிவித்தது. மின்னூர்திகள் பெருகப் பெருக எரிபொருள் வரி வருவாய் குறையும் என்பதால், காட்டுக்கான நிதிக்கு வேறு வழி காண வேண்டிய நிலை உள்ளது.