காற்றில் கரையும் ஆட்டு எரு

சென்ற ஆண்டு ஆவணிக் கடைசியில் நம் அங்கத்தினர் ஒருவருடைய கரிசல் நிலத்தைக் காணச் சென்றிருந்தோம். பருத்தி விதைப்புக்கு முன்பாக மூன்று இரவுகள் அங்கே ஆட்டுக்கிடை மறித்திருந்தார். கிடைக்கூலியைக் குறைவின்றிக் கொடுத்திருந்தார். ஆனால் வாடகை டிராக்டர் கிடைக்காமையால், கிடை பெயர்ந்து பத்து நாட்களாகியும் நிலத்தில் கலப்பை இறங்கவில்லை. வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தன.

கார்த்திகையில் மறுபடியும் சென்றோம். செடிகள் வெளிறி நின்றன. "கீதாரி மெலிந்த ஆடுகளைக் கொண்டுவந்து என்னை ஏமாற்றிவிட்டார். இனி அவருக்கு என் நிலத்தில் இடமில்லை" என்று அவர் மனம் வெதும்பிக் கூறினார். பின்னர் அக் கீதாரியை வேறோர் ஊரில் சந்தித்து விசாரித்தோம். "ஐயா, ஆடுகள் தம் வேலையை ராத்திரியே முடித்துவிட்டன. விடிந்ததும் உழுதுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிடையைப் பெயர்த்தேன்" என்றார் அவர்.

பல வருஷங்களாக நிலைத்திருந்த உறவு இவ்வாறு முறிந்தது. களவு போன பொருள் உண்டு என்பது மெய்யே. ஆனால் கள்வன் கீதாரி அல்லன். நிலத்தின் மேல் வீசிய காற்றே.

சத்து எவ்வாறு மறைகிறது?

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது நம் உழவர்களின் வழக்கு. ஆட்டு எரு விரைந்து பலன் தருவதற்குக் காரணம் யாது? புழுக்கையிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி மெல்ல மக்கி, மெல்லவே பயிருக்குக் கிட்டும். மூத்திரத்திலுள்ள தழைச்சத்தோ பெரும்பாலும் யூரியா வடிவில் இருப்பது. நாம் மூட்டையில் வாங்கும் யூரியாவும் இதுவும் ஒரே பொருளே. கிடையில் நிலத்துக்குக் கிட்டும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியோ, அதற்கு மேலோ மூத்திரத்தின் வழியாகவே வருகிறது.

மண்ணிலும் சாணத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி பட்டவுடன் யூரியா சிதைந்து அம்மோனியம் கார்பனேட்டாகிறது. அவ்விடத்தில் காரத்தன்மை உயர்கிறது. அம்மோனியா என்னும் ஆவி எழுகிறது. விடியற்காலையில் கிடையருகே மூக்கைத் துளைக்கும் நெடி இதுவே. அந்த நெடியில் போவது நம் கூலிப் பணம்!

துணித்தொழிலுக்கும் இவ்வாவி புதிதன்று. பழைய ரோமாபுரியில் துணி வெளுப்போரும், இங்கிலாந்தில் கம்பளி நெய்வோரும் புளித்த மூத்திரத்தைச் சேர்த்து வைத்து அழுக்கு நீக்கப் பயன்படுத்தினர். அதில் வேலை செய்தது இந்த அம்மோனியாவே.

வெயில், காற்று, கார மண் ஆகிய மூன்றும் கூடினால் இழப்பு மிகும். அதிலும் முதல் சில நாட்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பத்தாம் நாள் உழுபவர் எஞ்சியதையே மூடுகிறார். சுண்ணாம்புச் சத்துள்ள கரிசலில் மேலே கிடக்கும் மூத்திரம் எளிதில் ஆவியாகும். ஆயினும் அதே கரிசலின் களிமண், அம்மோனியத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் ஆற்றலும் உடையது. மேலே கிடந்தால் நஷ்டம், மண்ணோடு கலந்தால் சேமிப்பு என்பதே இதன் சாரம்.

ஒரு சிறு கணக்கு

ஓர் ஏக்கரில் கிடையினால் 20 கிலோ தழைச்சத்து விழுந்ததென்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் மூத்திரத்தின் பங்கு 12 கிலோ என்க. அதில் பாதி ஆவியாயின் 6 கிலோ போயிற்று. யூரியாவில் 100க்கு 46 பங்கு தழைச்சத்து; எனவே போனது 13 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் இது கால் பங்குக்கு மேல். இதை ஈடுசெய்யக் கடனில் உரம் வாங்குகிறோம். ஒரே சத்துக்கு இருமுறை விலை கொடுக்கிறோம்.

காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆயினும் அதைப் பிடித்து உரமாக்குவது எளிதன்று. ஜெர்மனியில் ஹேபர் என்பவர் கண்ட வழியைக் கொண்டு, 1913இல் ஒப்பாவ் என்னுமிடத்தில் முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. மிகுந்த வெப்பமும் அழுத்தமும் செலவிட்டே இன்றும் ஆலைகள் காற்றிலிருந்து அம்மோனியாவை ஆக்குகின்றன. ஆடு அளித்ததை நாமோ வீணே காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறோம்!

செய்ய வேண்டியவை

கிடை மறிக்கும் நாளைக் குறிக்கும்போதே உழவு நாளையும் குறித்துக்கொள்க. பெரிய நிலமாயின், கிடை பெயர்ந்த பகுதியை அன்றன்று காலையிலேயே உழுதுவிடுவது உத்தமம். ஆழ உழ வேண்டியதில்லை. கொக்கிக் கலப்பையால் மேல்மண்ணைக் கிளறி மூடினாற் போதும். நீர் வசதியுள்ளோர் அன்றே பாய்ச்சினால் சத்து மண்ணுள் இறங்கும். நல்ல மழையும் இதைச் செய்யும். சிறு தூறலை நம்புதல் வேண்டா.

கொட்டிலில் ஆடு வளர்ப்போர் தரையில் சருகு, கடலைத் தோல், உலர்ந்த மண் ஆகியவற்றைப் பரப்பி மூத்திரத்தை உறிஞ்சச் செய்க. அதை எருக்குழியில் இட்டு மேலே மண் மூடுக. குழியில் அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ கொட்டுதல் தவறு. அவை காரத்தை மிகுத்து அம்மோனியாவை வெளியேற்றும். சூப்பர் பாஸ்பேட் கலந்தால் அது அம்மோனியாவைப் பிடித்து வைப்பதோடு மணிச்சத்தையும் கூட்டும்.

வண்டி எருவை நிலத்தில் சிறு சிறு குவியலாகக் கொட்டி வாரக்கணக்கில் காயவிடும் வழக்கத்தையும் கைவிடுதல் நலம். கொட்டிய அன்றே இறைத்து, இறைத்த அன்றே உழுவதே முறை.

சிறு குடியானவருக்கு ஏரோ டிராக்டரோ நினைத்தபோது கிட்டுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஒருவருக்கு அரிதான காரியம் பலர் கூடினால் எளிதாகும். பக்கத்து நிலத்தார் நால்வர் சேர்ந்து, கிடையையும் உழவு வாடகையையும் வரிசைப்படுத்திப் பேசிக்கொண்டால் எவருடைய எருவும் காயாது. கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கு மட்டுமன்று.

மேற்கூறிய அங்கத்தினரிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, கீதாரி இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று வினவினார். இவ்வாண்டு அதே கிடை அதே நிலத்தில் இறங்கியது. விடிந்து ஆடுகள் வெளியேறும்போதே, மறுபுறத்தில் டிராக்டர் காத்து நின்றது.