வியன்னாவில் எனக்கென்று சில இடங்கள்

உத்தியோக நிமித்தம் அயல்நாட்டு நகரமொன்றில் குடியேறுகிறவனுக்கு, அந்நகரத்தின் புகழ்பெற்ற அரண்மனைகளும் தேவாலயங்களும் முதல் சில வாரங்களுக்குள்ளாகவே பார்த்துத் தீர்ந்துவிடுகின்றன. அதன் பிறகு, மாலையில் வேலை முடிந்ததும் எங்கே போய்ச் சற்று உட்காருவது என்ற மிகச் சாதாரணமான கேள்வி அவன் முன் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரையில் அவன் அந்நகரத்தில் தங்கியிருக்கிறானே தவிர வாழவில்லை என்பது என் அபிப்பிராயம். வியன்னா எனக்கு அந்த விடையைத் தாராளமாகவே அளித்தது. ஏனெனில், அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் உரியனவாக இருந்தவற்றைச் சாமானிய ஜனங்களுக்குத் திறந்துவிடும் ஒரு நல்ல வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது.

என் அலுவலகம் இருப்பது டான்யூப் நதியின் இடது கரையில், 1979-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஐக்கிய நாடுகள் கட்டடத் தொகுதிக்குச் சமீபத்தில். அங்கிருந்து சுரங்க ரயிலில் ஒரே ஒரு நிலையம் கடந்தால் டான்யூப் தீவு. தீவு என்றதும் இயற்கையாய் அமைந்தது என எண்ண வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் நகரத்தைக் கலங்கச் செய்த பின்னர், நதிக்கு இணையாக மற்றொரு கால்வாய் வெட்டிப் பெருகும் நீரை அதன் வழியே வடித்துவிடுவது என்று தீர்மானித்து, 1972 முதல் 1988 வரையில் அப்பணியை நடத்தினார்கள். தோண்டிய மண்ணை நடுவிலே குவித்ததால் பிறந்ததுதான் இருபத்தொரு கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நிலத்துண்டு. வெள்ளத்துக்கு அஞ்சி எழுப்பிய ஒரு கரையை மரம் நட்டு, புல் வளர்த்து, சைக்கிள் பாதை அமைத்து, நீராடத் துறைகள் வகுத்து, ஒரு காசு கட்டணமின்றி ஜனங்களுக்கு ஒப்படைத்த அந்த மனப்பான்மையை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும். கோடைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நீங்காத அந்த நாட்டில், அலுவலகக் காகிதங்களின் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, கால்வாயின் படிக்கட்டில் பாதங்களை நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், அருகிலே ஒரு துருக்கியக் குடும்பம் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளிச் செர்பியர்கள் சீட்டாடுவார்கள். யாரும் யாரையும் நீ யார் என்று விசாரிப்பதில்லை.

அரசர்களுடையவற்றை ஜனங்களுக்குத் திறந்துவிடும் இந்த வழக்கத்துக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப்பைச் சொல்லலாம். அரச குடும்பத்தினர் வேட்டையாடி வந்த ப்ராட்டர் வனத்தை 1766-லும், அவர்களுடைய உல்லாசத் தோட்டமாகிய அவ்கார்ட்டனை 1775-லும் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். சகல மனிதர்களையும் மதிக்கும் ஒருவன் அவர்களுடைய சந்தோஷத்துக்காக இவ்விடத்தை அர்ப்பணம் செய்கிறான் என்ற கருத்துடைய வாசகத்தை அவ்கார்ட்டனின் வாயிலில் இன்றும் காணலாம். 1782-இல் மோட்சார்ட் காலைக் கச்சேரிகள் நடத்திய அதே தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் எழுப்பப்பட்ட இரண்டு பிரம்மாண்டமான பீரங்கிக் கோபுரங்கள் இடித்தகற்ற இயலாதபடி கருத்து நிற்கின்றன. அவற்றைப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஆயினும் அவற்றின் நிழலிலேயே குழந்தைகள் பந்தாடுகிறார்கள், நானும் என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அங்கேதான் கழிக்கிறேன்.

காப்பிக் கடைகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். லியோபோல்ட் ஹவேல்கா தம் மனைவியுடன் 1939-இல் தொடங்கிய சிறு கடை, போருக்குப் பிறகு எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் புகலிடமாயிற்று. இரவு நேரத்தில் அங்கே சுடச்சுடக் கிடைக்கும் பழப்பாகு அடைத்த ரொட்டிக்காகவே நான் பலமுறை போயிருக்கிறேன். ஒரு கோப்பை வாங்கியவன் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் சாவகாசமாக உட்கார்ந்து, மரச்சட்டத்தில் கோத்துவைத்த பத்திரிகைகளை வாசிக்கலாம். நாமாகக் கேட்டாலொழியப் பரிசாரகர் கணக்குச் சீட்டைக் கொண்டுவருவதில்லை. பாலும் நுரையுமாக வரும் காப்பியுடன் வெள்ளித் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும் வருகிறதே, அதை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. கிணற்று நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் காலராவுக்கும் விஷ ஜுரத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்த நகரத்துக்கு மலையூற்று நீரே வேண்டும் என்று பூகர்ப்ப சாஸ்திரியான எடுவர்ட் சூஸ் பிடிவாதமாக வாதாடியதன் பயனாக, 1873-இல் ஆல்ப்ஸ் மலைச் சாரலின் ஊற்றுகளிலிருந்து முதலாவது நீர்க்குழாய் நகரத்தை வந்தடைந்தது; 1910-இல் இரண்டாவது குழாயும் சேர்ந்தது. மலைச் சரிவின் பலத்தாலேயே ஓடிவரும் அந்த நீர்தான் வீட்டுக் குழாயிலும், பூங்காவின் குடிநீர்த் தூணிலும், காப்பிக் கடையின் தம்ளரிலும் ஒரே குளிர்ச்சியோடு கிடைக்கிறது. ஏழைக்கும் செல்வனுக்கும் அதில் பேதமில்லை.

அரசாங்க இசை நாடக அரங்கம், 1869-இல் திறக்கப்பெற்று, 1945-இல் குண்டுவீச்சில் எரிந்து, 1955-இல் புத்துயிர் பெற்றது. பட்டுக்கும் வைரத்துக்கும் பேர்போன அந்த அரங்கத்தில் சொற்பக் கட்டணத்தில் நின்றுகொண்டே கேட்பதற்கும் இடம் உண்டு. முன்னதாகவே வந்து, நம்மூர்ப் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, கம்பியில் கழுத்துக்குட்டையைக் கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். அதை ஒருவரும் அவிழ்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நேசிக்கும் இடம், ஒட்டக்ரிங் வட்டாரத்தின் ப்ரூன்னன் சந்தை. வந்தேறிகள் வந்தேறிகளுக்கு விற்கும் தெருச் சந்தை அது. துருக்கியரும் சிரியரும் கொத்துமல்லியையும் வெண்டைக்காயையும் பச்சை மிளகாயையும் குவித்து வைத்து, தங்களுக்கும் எனக்கும் தாய்மொழியல்லாத ஜெர்மனில் விலை சொல்லி, கைப்பிடி புதினாவை இனாமாகப் பையில் திணிக்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால், சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய பையுடன் அங்கே வரும்படிதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊரில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.