மூன்றாம் எழுத்தின் கீழ் நம் சொற்கள்

தோவாளைத் தாலுகாவில், மலையடிவாரத்தில், கீரிப்பாறை என்னும் ஊர் இருக்கிறது. அங்கேயுள்ள அரசாங்க ரப்பர்த் தோட்டத்தில் வெயில் ஏறுமுன்பே பால்வெட்டு ஆரம்பமாகிவிடும். பட்டையைச் சாய்வாகச் சீவியதும் வெண்பால் சொட்டுச் சொட்டாக வடியும். அப்பால் உறைந்து கிடைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, யாவரும் அறிந்த 'ரப்பர்'. பென்ஸில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இது உதவும் என்று 1770-ல் ஜோஸப் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானி எழுதினார். 'தேய்ப்பது' என்னும் காரணப் பெயர் அதற்கு அமைந்தது. மற்றொன்று 'கௌச்சுக்'. தென் அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொல் ஸ்பானிய, பிரெஞ்சு பாஷைகளின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய 'ஸி' அந்த ஒரு சொல்லிலேயே மூன்று தடவை வருகிறது!

மரமும் அங்கிருந்து வந்ததுதான். 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேஸில் தேசத்திலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள க்யூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறின.

இப்படி ஒரு சொல்லும் ஒரு மரமும் நம்மிடம் வந்தன. நம்மிடமிருந்து போனவை எவை? அதே 'ஸி' எழுத்தின் கீழ் அகராதியைப் புரட்டினால் போதும். அவ்வெழுத்து நம்முடைய ககரத்துக்கும் நிற்கும். பக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொண்டால் சகரத்துக்கும் நிற்கும். ஆகவே கட்டுமரமும் சுருட்டும் அங்கே அண்டை வீட்டுக்காரர்கள்.

'கட்டமரான்' என்பது நம் கட்டுமரமே. மரங்களைக் கட்டி மிதக்கவிடுவதால் நமக்கு அது கட்டுமரம். 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக இணைத்துப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டிய பின், அவ்வகை இரட்டைப் படகுக்கே இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 'ஷெரூட்' என்பது சுருட்டு. இரு முனையும் திறந்திருக்கும் சுருட்டையே ஆங்கிலேயர் அவ்வாறு அழைப்பர். கயிறு 'காயர்' ஆயிற்று. ஆனால் அவர்களுக்கு அது கயிறன்று, கயிறு திரிக்கும் தேங்காய் நார். கொப்பரை, கறி ஆகியவை அதிக மாறுதலின்றிப் போய்ச் சேர்ந்தன. குருந்தக்கல் 'கொரண்டம்' என்று ரசாயன நூல்களில் ஏறிவிட்டது. மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிப்பொருளின் வகைகளே.

'காஷ்' என்னும் சொல்லின் கதை வேடிக்கையானது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'காஷ்', பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. கீழ்த்திசை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'காஷ்' நம்முடைய காசு. போர்ச்சுகீசியர் வாய்வழியே சென்றது. எழுத்துக் கூட்டல் ஒன்று, தாய் வேறு!

கஞ்சியும் போயிற்று. ஆனால் பட்டாளத்து வெள்ளைக்காரர் 'கஞ்சி வீடு' என்றால், அது சத்திரமன்று. தண்டனை பெற்ற சிப்பாய்களை அடைக்கும் கொட்டடி. உள்ளே கஞ்சிதான் ஆகாரம் என்பதனால் வந்த பெயர் என்று, யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-ல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி விளக்குகிறது.

இதுவரை சொன்னவற்றில் சிரிக்க இடமுண்டு. 'கூலி' என்னும் சொல்லில் அதற்கு இடமில்லை. குஜராத்திலுள்ள கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து அது வந்ததென்று கூறுவாரும் உளர். தமிழ்ச் சொல்லே என்பாரும் உளர். எதுவாயினும், தமிழில் கூலி என்பது உழைப்புக்கு உரிய ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தெய்வம் கைவிட்டாலும் முயற்சி தவறாமல் கொடுப்பது இதுவென்று உயர்த்திச் சொன்னார். ஆங்கிலத்திலோ ஊதியம் மறைந்து ஆள் நின்றான். பெற வேண்டிய பொருளின் பெயர், மனிதனை இழிக்கும் பெயராயிற்று.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரே சூட்டப்பட்டது. பின்னர் அங்கே சென்ற இந்தியர் அனைவர்மேலும் அது ஒட்டிக்கொண்டது. 1893-ல் அங்கு சென்ற காந்திஜியும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலுள்ள 'சாமி' என்பதையும் வெள்ளையர் ஏளனமாக வழங்கினர். அச்சொல்லின் பொருள் தலைவன் என்று தெரிந்தால் அவர்கள் என்ன செய்வார்களோ!

ஒப்பந்தக் கூலிமுறைக்கு 1917-ல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. சொல்லின் களங்கம் அவ்வளவு எளிதில் அழியவில்லை. கீரிப்பாறைப் பால்வெட்டுத் தொழிலாளி 'கூலி' என்று சொல்லும்பொழுது, தன்னைச் சொல்லவில்லை. தனக்கு வரவேண்டியதைச் சொல்கிறார். அதுவே அச்சொல்லின் நேரான பொருள். வீட்டுக் குழந்தைகள் ஆங்கில அகராதியில் மூன்றாம் எழுத்தைப் புரட்டும்பொழுது, அங்கே அச்சிட்டிருக்கும் அர்த்தத்தோடு இந்த அர்த்தத்தையும் பெரியோர் சொல்லிக் கொடுத்தல் நலம்.